மேயருக்குப் பிடிக்காத முகாமையாளர்

எங்கள் ஊரின் பழைய முகாமையாளர் வேலையை விட்டுப் போனபோது நான் அந்த அறையில் இருந்தேன். கனடாவில் மொன்றியல் தீவின் மேற்குப் பக்கம், விமானங்கள் தலைக்கு மேலால் இறங்கும் சின்ன நகரம் எங்களுடையது. பெரிய நகரத்தோடு சேரமாட்டோம் என்று தனி மேயர், தனி நகரசபை வைத்துக்கொண்டு பிடிவாதமாக நிற்கும் ஊர்களில் அதுவும் ஒன்று. மேயரும் உறுப்பினர்கள் ஆறு பேரும் தேர்தலில் வருவோம், போவோம். குப்பை எடுப்பது, பனி அள்ளுவது, தண்ணீர்க் குழாய், கட்டட அனுமதி என்று ஊரை உண்மையில் நடத்துகிறவர் சபை சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் நகர முகாமையாளர்தான்.

அன்று ஏதோ ஒரு வீதித் திருத்த வேலையைப் பற்றிய பேச்சு. பலரிடம் விலை கேட்டுக் கேள்விப்பத்திரம் கோராமல் அந்த வேலையை ஒருவருக்குக் கொடுக்க முடியாது என்று முகாமையாளர் சொன்னார். மேயர் எல்லோருக்கும் முன்னால் அவரைப் பார்த்து, "நான் சொல்வதைச் செய்ய உனக்கு மூளை தேவையில்லை, கை போதும்" என்றார். முகாமையாளர் மெதுவாகப் பேசும், நரைத்த தாடிக்காரர். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்களுக்குத் தேவை முகாமையாளர் இல்லை. வாலாட்ட ஒரு நாய்," என்று சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மேயர் அவருடைய நாற்காலியைக் காலால் மேசைக்குள் தள்ளிவிட்டு, "அடுத்த விடயம்" என்றார். நாங்கள் எல்லோரும் நிகழ்ச்சிநிரலின் அடுத்த பக்கத்தைப் புரட்டினோம்.

நான் மட்டக்களப்பில் பிறந்தவள். கணவர் ஸ்பொன்சர் செய்து இங்கே வந்து, குளிருக்கு உடுப்பு வாங்கிய கையோடு டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பெல்ட்டில் நகர்ந்து வரும் தட்டுகளில் பணிஸ், பட்டர், கரண்டி வைக்கிற வேலை. அங்கேயே தொழிற்சங்கப் பிரதிநிதி ஆனேன். என் பிரெஞ்சு வகுப்பில் படித்த பிரெஞ்சு அல்ல. மேற்பார்வையாளர்களோடு சண்டை பிடித்துப் படித்தது. அதனால்தானோ என்னவோ, அந்த மொழியில் அன்பாகப் பேச எனக்கு இன்னும் வராது. நெடுஞ்சாலையை ஒட்டிய தொடர்மாடிகளில் இருக்கும் எங்கள் சனம் வாக்குப் போட்டு என்னை நகரசபைக்கு அனுப்பியது. சின்ன ஊர் என்பதால் உறுப்பினர் பதவியை வைத்துச் சீவிக்க முடியாது. சமையற்கூட வேலையையும் விடவில்லை.

மேயர் கூரை போடும் கம்பெனி ஒன்றை வளர்த்து விற்றுவிட்டு அரசியலுக்கு வந்தவர். நான் பிரெஞ்சில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். ஆங்கிலத்தில் கேட்டால் பிரெஞ்சில் சொல்வார். எந்த மொழியில் போனாலும் நான் வாசலிலேயே நிற்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். எனக்கும் அவரைக் கண்ணில் காட்டக்கூடாது.

ஆகவே, புது முகாமையாளரைத் தேர்ந்தெடுக்கும் மூவர் குழுவில் அவர் என்னையும் போட்டபோது ஆச்சரியமாக இருந்தது. காரணம் பேந்துதான் விளங்கியது. எங்கள் வட்டாரத்தில் நகரசபைக்குச் சொந்தமான பழைய மண்டபம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு, நவராத்திரி, கிறிஸ்மஸ் ஒளிவிழா, செத்தவீடு முடிந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு எல்லாம் அங்கேதான். யாருக்கு எப்போது கொடுப்பது என்பது மேயரின் கையில். மண்டபத்தைப் பிடித்தால் இவள் வழிக்கு வருவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

குழுவின் மூன்றாமவர் என்னைப் போலவே சபை உறுப்பினரான ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர். யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பக்கம் சாய்கிற சுபாவம். ஆனால் யாராவது இலக்கணப் பிழை விட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

விண்ணப்பித்தவர்களில் இரண்டு பேர் கடைசிவரை வந்தார்கள். முதலாமவர் பக்கத்து நகரம் ஒன்றில் துணை முகாமையாளராக இருந்தவர். நல்ல சூட், நல்ல பல். மேயர் பகிடி விடுவதற்கு முன்னமே சிரித்துவிடுவார். என் பக்கம் திரும்பி, "உங்கள் சமூகம் மிகவும் கடினமாக உழைக்கும் சமூகம்" என்றார். நாங்கள் என்ன பாரம் இழுக்கிற மாடுகளா என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை.

"மேயர் சொல்கிற ஒன்று விதிமுறைக்கு மாறாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

"மேயரோடு தனியே இருந்து பேசி, ஒரு வழி கண்டுபிடிப்பேன்."

மேயர் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

இரண்டாவதாக வந்த பெண், ஆற்றின் மேற்பகுதியில் காகித ஆலை ஒன்றை நம்பியிருந்த ஊரின் முகாமையாளர். அந்த ஆலை மூடப்பட்டபோது ஊரைத் தாக்குப்பிடிக்க வைத்தவர் என்று ஆட்தேர்வு நிறுவனம் சொல்லியிருந்தது. வெளியே மழை. நனைந்த கோட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டார். அது தரைவிரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பே இல்லை. மேயர் வரவேற்று இரண்டு வசனம் சொல்லி முடிப்பதற்குள், "இங்கே முன்பு வேலை செய்தவர்கள் ஏன் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்?" என்று கேட்டார்.

"இங்கே கேள்வி கேட்பது நாங்கள்," என்றார் மேயர்.

"சரி. அப்படியென்றால் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது."

ஆசிரியர் குனிந்து தன் பேனையை ஆராய்ந்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். அந்தச் சந்தோசம் நிலைக்கவில்லை. என் வட்டாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நான் கேட்டதற்கு, "காலையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்" என்றார். "தொடர்மாடிகளுக்கு நடுவே ஒரு மண்டபம் இருக்கிறதே, உள்ளே போய்ப் பார்த்தேன். கூரையைத் தாங்கும் மரங்கள் நனைந்து கறுத்துப் போயிருக்கின்றன. இன்னொரு பனிக்காலத்துக்கு அதைத் திறந்து வைத்திருப்பது பொறுப்பில்லாத வேலை. அதைப் பற்றி நீங்கள் இந்தச் சபையில் என்ன பேசியிருக்கிறீர்கள்?"

கூரை திருத்துங்கள் என்று நான் ஒவ்வொரு வரவுசெலவுக் கூட்டத்திலும் கத்தியவள். மேயர் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளினார். அதைச் சொன்னேன். "கத்துவது வேலை ஆகாது" என்றார் அவர். மேயர் முதல்தடவையாக அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் சங்கத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தமிழ் வகுப்பையும் விழாக்களையும் நடத்தும் சங்கம் அவருடையது. யாழ்ப்பாணத்து மனிதர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். எந்தச் செத்தவீட்டிலும் முன்னுக்கு நின்று வேலை செய்வார், அதை மறுக்க முடியாது. நான் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"தங்கச்சி, மேயர் என்னைக் கூப்பிட்டுக் கதைச்சவர்," என்றார். "மண்டபத்தை அஞ்சு வருசத்துக்கு எங்களுக்கெண்டு எழுதித் தாறாராம். அவற்ற ஆள் முகாமையாளரா வந்தாச் சரியாம்."

"எழுத்தில தந்தவரோ அண்ணை?"

"வாய்ப்பேச்சுத்தான். பேந்து எழுதுவம் எண்டவர்."

"எனக்கு மூண்டு வருசமாக் கூரை போடுறன் போடுறன் எண்டு வாயாலதான் சொன்னவர்."

"அது உங்கட கதை. நீங்கள் அந்தாளோட கொழுவினபடியாத்தான் கூரை வரேல்ல. சனம் அப்பிடித்தான் சொல்லுது." அவர் குரல் உயரவில்லை. "மற்றப் பொம்பிளை வந்தா மண்டபத்தைப் பூட்டிப் போடுமாம். உண்மையோ?"

நேர்முக அறையில் பேசியது வெளியே போகக்கூடாது. மேயர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எனக்கு மறைக்கவும் மனம் வரவில்லை.

"ஓம், பூட்டவேணும் எண்டு சொன்னவதான்."

"தெரிஞ்சுகொண்டும் அவவுக்குத்தான் போடப்போறியள்?"

"நான் இன்னும் முடிவெடுக்கேல்ல."

அவர் எழுந்தார். சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார். "உங்களுக்கென்ன, சேர்ச் இருக்கு, சேர்ச்சுக்குக் கீழ ஹோல் இருக்கு. எங்கட பிள்ளையளுக்கு இருக்கிறது இது ஒண்டுதான். மட்டக்களப்பு ஆக்கள் கடைசி நேரத்தில இப்பிடித்தான் செய்வியள் எண்டு எனக்கு அப்பவே சொன்னவங்கள்."

யுத்தகாலத்தில் கிழக்குப் போராளிகள் இயக்கத்தை விட்டுப் பிரிந்த பழைய கதைதான் அந்த வசனத்தின் அடியில் கிடக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அண்ணை, கதவு திறந்துதான் கிடக்கு," என்றேன். அவர் சப்பாத்துப் போடும்வரை நான் அசையவில்லை.

கணவர் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர். அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் வெளியே வந்து ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

"உனக்கேன் இந்த வேலை? ஆரையாவது போடு. ஆர் வந்தாலும் பனி கொட்டத்தான் போகுது."

"வாறவன் மேயற்ற ஆளெண்டா பேந்து இந்த ஊரில ஆருமே அந்தாளை மறிக்க ஏலாது."

"மறிச்சு என்ன கண்டனி? நாளைக்கு நான் கடைக்குப் போனா என்னோட ஒருத்தனும் கதைக்கமாட்டான்."

அது உண்மைதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

குழு கூடிய நாளில் மேயர் தன் ஆளைப் புகழ்ந்து முடித்தார். நான் அந்தப் பெண்ணுக்கே என் வாக்கு என்றேன். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதையும் சொன்னேன். "பிடிக்காத ஒருவருக்கு ஏன் வாக்கு?" என்று மேயர் கேட்டார். "உங்களுக்கும் பிடிக்கவில்லையே, அதனால்தான்," என்றேன். எல்லாம் ஆசிரியர் கையில் வந்து நின்றது. அவர் வழக்கம்போல மேயர் பக்கம் சாய்வார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"நேர்முகத்தில் உங்கள் ஆள் உங்களை 'வூ' என்று அழைத்தார். அது சரி. பிறகு கார் நிறுத்துமிடத்தில் நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அங்கே அவர் உங்களை 'ட்யூ' என்றார். நீங்களும் 'ட்யூ' என்றீர்கள்."

பிரெஞ்சில் வூ என்பது நீங்கள். ட்யூ என்பது நீ. முன்பின் தெரியாதவர்கள் ஒரே பின்னேரத்தில் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போவதில்லை. "தெரிந்தவர் என்றால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்," என்றார் ஆசிரியர். "எங்களை வைத்து நாடகம் ஆடியிருக்கிறீர்கள். என் வாக்கு அந்தப் பெண்மணிக்கு." மேயர் எழுந்து கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார்.

ஆளைத் தடுக்க முடியாத மேயர், வேலை நிபந்தனைகளை வைத்துத் தடுக்கப் பார்த்தார். நகரசபையின் சட்டத்தரணி எழுதி வந்த ஒப்பந்த வரைவில் மேயர் சொன்னதெல்லாம் இருந்தது. ஒரு வருடம் தகுதிகாண் காலம். அந்தக் காலத்தில் காரணம் சொல்லாமல் மேயரே வேலையை விட்டு நிறுத்தலாம். ஊருக்குள்ளேயே குடிவர வேண்டும். விடுமுறைக்கும் மேயரின் கையெழுத்து. சுயமரியாதை உள்ள எவரும் அதில் ஒப்பமிடமாட்டார்கள் என்பதுதான் அதன் நோக்கம்.

பேச்சுவார்த்தைக்கு அந்தப் பெண் தனியாக வந்தார். சட்டத்தரணி ஒருவரையும் கூட்டி வரவில்லை. நானும் மேயரும் ஆசிரியரும் மேசையின் ஒரு பக்கம். இத்தனை வருடமும் நான் இருந்தது மறுபக்கத்தில். சமையற்கூடத்தில் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தொழிலாளர் பக்கம் இருந்து முதலாளிமாரின் முகத்தைப் பார்த்தவள், இப்போது முதலாளியின் கதிரையில் இருந்தேன். அது எனக்குப் பொருந்தாத சட்டை போல் இருந்தது.

அவர் வரைவை வாசித்தார். மேயரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் தொழிற்சங்கத்தில் இருப்பவர் என்று கேள்விப்பட்டேன். காரணம் சொல்லாமல் நிறுத்தலாம் என்கிற இந்தப் பிரிவில் கையெழுத்துப் போடு என்று உங்கள் ஆட்களில் ஒருவருக்குச் சொல்வீர்களா?"

"மாட்டேன்."

"அப்படியென்றால் ஏன் இதை எனக்கு முன்னால் வைத்திருக்கிறீர்கள்?"

எனக்கு அவரிலும் கோபம், என்னிலும் கோபம். வரைவை இழுத்து எடுத்து அந்தப் பிரிவைக் குறுக்கே வெட்டினேன். மேயர் என் கையிலிருந்து பேனையைப் பறிக்க வந்தார். சட்டத்தரணி எழும்பி இடைவேளை கேட்டார்.

இடைவேளைக்குப் பிறகு நிறுத்தி நிதானமாக ஒவ்வொன்றாகப் பேசினோம். ஊருக்குள் குடியிருக்க வேண்டும் என்பதை அந்தப் பெண் ஏற்கவில்லை. அதை ஆசிரியரே விட்டுக்கொடுத்தார். தகுதிகாண் காலத்தை அவர் ஏற்றார். ஆனால் நிறுத்துவதென்றால் முழுச் சபையும் வாக்களித்து நிறுத்த வேண்டும், காரணத்தை எழுத வேண்டும், அவருடைய பக்கத்தைக் கேட்க வேண்டும் என்றார். நான் உடனே சரி என்றேன். கடைசியாக அவர் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். மேயரோ சபை உறுப்பினரோ எந்த ஊழியருக்கும் நேரடியாக உத்தரவு போடக்கூடாது, எல்லாம் முகாமையாளர் ஊடாகவே போக வேண்டும்.

மேயர் மேசையில் அடித்தார். "இது என் நகரசபை! என் ஆட்களோடு நான் பேச எனக்கு இவளிடம் அனுமதியா?" பிறகு என் பக்கம் திரும்பி, இந்தத் தடவை மொழியை மாற்றாமல், நான் பேசிய அதே பிரெஞ்சிலேயே சொன்னார்: "உன்னை அந்தச் சாப்பாட்டுத் தட்டுகளோடு விட்டிருக்க வேண்டும். அங்கே நீ ஒழுங்காக இருந்தாய்."

"அங்கேயும் நான் ஒழுங்காக இருக்கவில்லை," என்றேன். "அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள்."

அந்தப் பிரிவும் சேர்ந்தது. சம்பளத்தைப் பற்றி யாரும் சண்டை பிடிக்கவில்லை. எழும்பிப் போகும்போது அந்தப் பெண் எனக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு, எழுத்துப்பிழைகளைத் திருத்தி அனுப்புங்கள் என்று சட்டத்தரணிக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒப்பந்தத்தை நிறைவேற்ற சபை பகிரங்கமாகக் கூட வேண்டும். அன்று பொதுமக்கள் கதிரைகள் எல்லாம் எங்கள் சனத்தால் நிறைந்திருந்தன. சங்கம் வான் பிடித்து ஆட்களைக் கொண்டு வந்திருந்தது. நான் கலியாணத்துக்குப் போன வீட்டுக்காரர், என்னிடம் குடியுரிமைப் பத்திரம் நிரப்ப வந்தவர்கள், என் மகளோடு வகுப்பில் படித்த பெண்ணின் தாய். ஒருவரும் எனக்கு முகம் கொடுக்கவில்லை. கேள்வி நேரத்தில் தலைவர் ஒலிவாங்கிக்கு வந்து ஆங்கிலத்தில், எங்கள் மண்டபத்தைப் பூட்டப்போகிற ஒருவரை வேலைக்கு எடுக்க எங்கள் உறுப்பினரே உதவுவது ஏன் என்று கேட்டார். மேயர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, மிகுந்த அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எழும்பினேன். மண்டபம் பாதுகாப்பானது என்று யாரும் எனக்குக் காட்டவில்லை என்றேன். மேயர் வாயால் தந்த வாக்கை நம்பி இந்த ஊரை அவருடைய ஆளிடம் கொடுக்கமாட்டேன் என்றேன். பின்வரிசையில் இருந்து ஒரு குரல் தமிழில் வந்தது.

"துரோகி!"

அறையில் இருந்த மற்ற உறுப்பினர்களுக்கு அது வெறும் சத்தம். எங்கள் சனம் மட்டும் சட்டென்று அடங்கியது. நாங்கள் விட்டு வந்த நாட்டில் அந்தச் சொல் சொல்லோடு நின்றதில்லை. அது சொல்லப்பட்ட வீடுகளில் அடுத்த நாள் என்ன நடந்தது என்று அங்கே இருந்த வயது வந்த எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பயம் இல்லை, இங்கே யார் என்ன செய்யப்போகிறார்கள்? ஆனால் ஒரு மண்டபக் கூரைக்காக அந்தச் சொல்லை எடுக்க ஒருவனுக்கு மனம் வந்ததே என்ற ஆத்திரம். தலைவர் திரும்பி, "ஆர் சொன்னது? வாயை மூடு," என்று உறுக்கினார். அதை மட்டும் அவர் செய்தார்.

வாக்கெடுப்பில் நான்குக்கு மூன்று என்று ஒப்பந்தம் நிறைவேறியது. ஆசிரியர் கையை உயர்த்தும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

முகாமையாளர் இலையுதிர்காலத்தில் வேலைக்கு வந்தார். பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மண்டபத்தைப் பார்த்தார். முதல் பனி கொட்டுவதற்கு முன்பே கதவில் சங்கிலி விழுந்தது. எனக்கு அதைச் சொன்னது தலைவரின் மனைவி. தொலைபேசியில், "இப்ப சந்தோசமோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

வேலை உடுப்போடு, தலைமயிரை மூடும் வலையைக்கூடக் கழற்றாமல் நகரசபைக்குப் போனேன். முகாமையாளர் தன் மேசையில் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தால் நிறுத்தப் பார்த்திருப்பீர்கள்."

"அது என் வட்டாரம். அங்கே என் சனத்தின் முகத்தில் நான்தான் முழிக்க வேண்டும்."

"கூரை இறங்கினால் கீழே இருப்பதும் உங்கள் சனம்தான்," என்றார். மெல்லுவதை நிறுத்தவில்லை. "வேறு இடம் தேடுகிறோம். கிடைத்ததும் அறிவிப்போம்."

எனக்குப் பொறுக்க முடியவில்லை. விளையாட்டு அரங்கத்துக்குப் பொறுப்பாக இருந்த ஊழியரைத் தெரியும். அவரைக் கூப்பிட்டு, வருகிற ஞாயிறு பிள்ளைகளின் வகுப்புக்கு ஒரு அறையைத் திறந்துவிடும்படி சொன்னேன். அவரும் பாவம், சரி என்றார். அடுத்த நாளே முகாமையாளரின் அழைப்பு வந்தது.

"ஊழியர்களுக்கு நேரடியாக உத்தரவு போடக்கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. உங்கள் வாக்கோடுதான் அது நிறைவேறியது. இன்னொரு தடவை செய்தால் சபையில் முறைப்பாடு வைப்பேன்."

"அது மேயருக்காகப் போட்டது!"

"அதில் மேயருக்கு மட்டும் என்று எழுதவில்லை."

நான் போனைக் கட்டிலில் எறிந்தேன். கணவர் அன்று முழுக்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளின் வகுப்பு அந்த ஞாயிறு நடக்கவில்லை. எங்கள் சேர்ச்சின் நிலவறையைப் பங்குச் சுவாமியாரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு போய்ச் சொன்னேன். தலைவர் வேண்டாம் என்றார். கடைசியில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மை நகரசபை ஏற்பாடு செய்தது. பாடப் புத்தகங்களை ஒவ்வொரு கிழமையும் காரில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. குளிரில் அதைச் செய்தவர்கள் எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டே செய்தார்கள்.

அந்தக் குளிர்காலம் நன்றாகப் பனி கொட்டியது. கூரை விழவில்லை. "விழேல்லையே, பாத்தியளோ?" என்று கண்டவர்கள் எல்லாம் கேட்டார்கள். உண்மையிலேயே விழக்கூடிய கூரைதானா என்பது எனக்கும் தெரியாது. அந்தப் பொறியியலாளருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

தகுதிகாண் காலம் முடியும் தறுவாயில் மேயர் முகாமையாளரை நிறுத்தத் தீர்மானம் கொண்டு வந்தார். பணிவில்லை, ஒத்துழைப்பில்லை என்று காரணம் எழுதினார். கூட்டம் தொடங்குவதற்கு முன் என்னிடம் வந்து, முதல்தடவையாகத் தோளில் தட்டி, "உனக்கும் அவளைப் பிடிக்காது. இப்போது நாம் ஒரே பக்கம்," என்றார். அவருடைய கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டேன். ஒப்பந்தப்படி முகாமையாளரின் பக்கத்தைக் கேட்டார்கள். அவர் எழும்பி, "பணிவு என் வேலை விபரத்தில் இல்லை. புதுக் கூரைக்கான கேள்விப்பத்திரம் போன கிழமை வெளியாகிவிட்டது. வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பரிந்து பேச எனக்கு ஒரு நல்ல வார்த்தைகூட வரவில்லை. தீர்மானத்துக்கு எதிராகக் கையை மட்டும் உயர்த்தினேன். தீர்மானம் தோற்றது. வெளியே வரும்போது அவர் எனக்கு முன்னால் நடந்து போனார். கதவைக்கூடப் பிடித்து வைக்கவில்லை.

மண்டபம் திறக்கப்பட்டபோது அழைப்பிதழில் என் பெயர் இருக்கவில்லை. மேயரும் தலைவரும் சேர்ந்து நாடா வெட்டினார்கள். கூரைத் தொழிலில் தனக்குள்ள அனுபவத்தை மேயர் நீளமாகப் பேசினாராம். முகாமையாளர் அந்தப் பக்கமே போகவில்லையாம். அடுத்த தேர்தலில் சங்கம் நிறுத்திய இளம் கணக்காளர் ஒருவர் என்னைத் தோற்கடித்தார். மேயர் மறுபடியும் வென்றார். முகாமையாளர் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கட்டடத்துக்குள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலை செய்கிறார்கள் என்று ஆசிரியர் சொன்னார். நான் இப்போதும் டோர்வலில் வேலை செய்கிறேன். போன வருடம் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தோம்.

சங்கத் தலைவரைச் சனிக்கிழமைகளில் தமிழ்க் கடையில் காண்பேன். அவர் வெண்டிக்காயை ஒவ்வொன்றாக நுனி முறித்துப் பார்த்துப் பையில் போடுவார். நான் அவருக்கு முன்னால் கத்தரிக்காய் எடுப்பேன். அவரும் கதைப்பதில்லை. நானும் கதைப்பதில்லை.